நாத்தனாரின் கைவரிசையும் டெய்ஸிச் செடிகளும்

அஞ்சல் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியே வலது தோள் தேய்ந்துபோனவர் பார்சல் அக்கா. பார்சல் பிரிவிலேயே காலம் தள்ளியதால் தெரு வைத்த பெயர் அது. ஓய்வு பெற்றதும் வாசலோரம் ஷாஸ்தா டெய்ஸி நட்டார். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ். வேர் பிடித்துவிட்டால் வருடா வருடம் தானே தழைக்கும். வாடிய பூவை மட்டும் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் விதை கட்டிக்கொண்டு மொட்டு விடச் சோம்பல்படும். கத்தரியைத் தூக்கினாலே அக்காவின் தோள் சண்டைக்கு வந்தது.

அந்த வருடம்தான் பூக்கள் காணாமல் போகத் தொடங்கின. ஒரு காலை சமையலறை ஜன்னல் வழியே அக்கா ஆளைப் பிடித்துவிட்டார். அடுத்த வீட்டு நாத்தனார்! வேலிக்கு மேலே கை நீட்டி, அவசரத்தில் பூத்தது வாடியது என்று பாராமல் சரக் சரக்கென்று வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க தங்கச்சி லட்சணத்த வந்து பாருங்க!" என்று கணவரை இழுத்தார் அக்கா.

"நாலு பூவுதானே, விடு."

விடுகிற ஆளா அக்கா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப் போனவர், செடியருகே நின்றுவிட்டார். முன்பு வெட்டுப்பட்ட தண்டுகளில் எல்லாம் புதுமொட்டு. வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். சம்பளம் கேட்காத தோட்டக்காரி யாருக்குக் கிடைப்பாள்?

ஒரு மாதத்தில் திருட்டு சட்டென்று நின்றது. காரணத்தை நாத்தனாரின் கணவரே வந்து கொட்டினார்: "மச்சான், ஹால்ல ஒரே நாத்தம். என் சாக்ஸுதான்னு மூணு தரம் துவைக்க வெச்சா. கடைசில பார்த்தா, ஜாடில இருந்த வெள்ளப் பூ! எங்க வாங்கினேன்னு கேட்டா முழிக்கிறா."

அக்கா பொங்கிய சிரிப்பை இருமலாக மாற்றினார். ஆனால் தோட்டத்தில் வாடிய பூக்கள் கறுத்துத் தொங்கின. நாத்தனாரின் வீம்பு தெரிந்தவர், யோசித்து ஓர் அட்டை எழுதி வேலியில் கட்டினார்: 'பூ வெட்டக் கூடாது. சொந்தக்காரராக இருந்தாலும்.'

விடிந்தபோது செடி மொட்டை.

மூன்றாம் வருடம் புதரின் நடு காய்ந்தது. தோண்டிப் பிரித்து நட்டால்தான் பிழைக்கும். அக்கா வெட்கத்தை விட்டு நாத்தனாரைக் கூப்பிட்டார். "தோண்டிக் குடு. பாதி உனக்கு."

"எனக்கெதுக்கு அண்ணி? சொந்தச் செடின்னா வெட்ட மனசு வருமா?"

சொன்ன பிறகுதான் நாத்தனாருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்க, மண்வெட்டியை எடுத்தார். அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா."

"வாய மூடிட்டு இருங்க அண்ணி. இல்ல, போட்டுட்டுப் போயிடுவேன்."

பிரித்த நாலு கொத்தையும் நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போனார்.