மிலான் உட்காருவதில்லை

ரொறன்ரோ, 1996, ஞாயிறு பின்னேரம். சென் ஜேம்ஸ் ரவுண் பகுதித் தமிழ்ப் பெடியளின் உதைபந்தாட்டத்தில் இப்போது இடைவேளை. பத்துப் பேர் புல்லில் சரிந்து தோடம்பழம் உறிஞ்சுகிறார்கள். பதினோராவது ஆளான மிலான் மட்டும் கோட்டோரம் ஓடிக்கொண்டே இருக்கிறான். செக் நாட்டுக்காரன். அங்கே கீழ்ப்பிரிவுக் கழகங்களில் ஃபோர்வேர்ட். இங்கே இவர்களோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே கால் உளைகிறது.

“உவர் கொஞ்சம் இருந்து களைப்பாறினால் என்ன?” என்று கப்டன் சிறியிடம் கேட்கிறேன்.

“இருக்கமாட்டார் அண்ணை. அங்க ஏழு வருசம் விளையாடினவராம். பாதி நாள் பெஞ்சிலதான் வைச்சிருந்தவையாம். இருந்தால் மாத்திப்போடுவினம் எண்டு பயம்.”

“மாத்த ஆள் இருக்கோ?”

சிறி சிரிக்கிறான். “எங்களிட்டை மொத்தமே பதினொரு பேர்தான். அதையும் எத்தினை தரம் சொல்லியாச்சு.”

இரண்டாம் பாதியில் மிலான் இரண்டு கோல் அடிக்கிறான், வென்றுவிடுகிறார்கள். திரும்பும் ஸ்ட்ரீட்காரில் முக்கால்வாசி இடம் காலி. பக்கத்து இருக்கையைத் தட்டி மிலானைக் கூப்பிடுகிறான் சிறி. மிலானோ தன் சப்பாத்துப் பையை அதில் இருத்திவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான்.