மஞ்சள் கட்டம் போட்ட சட்டை

உடைகளின் வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு போன வாரம் கூத்தாநல்லூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய துணி ஏதாவது இருந்தால் பார்க்க வேண்டும் என்றேன். அந்த அம்மா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிளாஸ்டிக் வாளின்னா வேணாங்க. எவர்சில்வர் பாத்திரம் தருவீங்களா?" என்றார். இத்தனை வருட ஆராய்ச்சிக்குக் கிடைத்த மரியாதை.

பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை. சோப்பும் கோடாலித் தைலமும் அத்தரும் புதுத்துணியும் கலந்து துபாயிலிருந்து நம் பக்கம் வந்து இறங்குமே, அது. உங்கள் மூக்கிலும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். என்னை அது நன்னிலம் சலீம் பாய் கடைக்கு இழுத்துப் போய்விட்டது.

பாயின் மச்சான் லீவில் வரும்போதெல்லாம் துணிக்கட்டு கொண்டுவருவார். பாய் அதை வெட்டி விற்பார். நான் அப்போது தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் உடை அலங்காரப் பகுதி எழுதிக்கொண்டிருந்தேன். என்ன உடுத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உத்தரவு போடுவேன். எனக்கென்று உருப்படியாக ஒரு சட்டை கிடையாது. துணியைப் பற்றி எழுதுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று பெண் கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் வலங்கைமானிலிருந்து தகவல் வந்தது. செல்வி என்று ஒரு பெண்; என் பகுதியை விடாமல் படிப்பவளாம்; ஆளை வரச்சொல்லுங்கள் என்று அவளே சொன்னாளாம். எனக்கு வாசகி இருக்கிறாள் என்பதே எனக்குச் செய்தி. இவளையும் கோட்டைவிட்டால் அப்புறம் நான் யாருக்குத்தான் எழுதுவது?

பாயிடம் ஓடினேன். மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட துணியை எடுத்துப் போட்டார். "ஊர்லயே ஒங்களுக்கு மட்டுந்தான் தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வலங்கைமான் வேறு ஊர்.

பெண் வீட்டில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். ஜன்னல் திரை மஞ்சள். அதில் பழுப்புக் கட்டம். காற்றடித்தபோது அது என் தோள்மேல் சாய்ந்தது, ஏதோ சொந்தக்காரன் மாதிரி.

செல்வி காப்பியோடு வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

"சட்டை போட்டா ஆளு தனியாத் தெரியணும்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"எங்க உக்காந்திருக்கீங்கன்னே தெரியலயே."

கூடம் மொத்தமும் சிரித்தது, அவள் அப்பாவைத் தவிர. என் அப்பா மேல்துண்டைச் சரிசெய்வதுபோல முகத்தை மூடிக்கொண்டார். எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"மிச்சத் துணியில என்னங்க தச்சீங்க?"

"தலகாணி உறை" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நாலு நாள் கழித்து அவள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்தச் சம்பந்தத்தில் தனக்கு அவ்வளவாக இஷ்டமில்லை என்பதை முகத்திலேயே வைத்திருந்தார். "பொண்ணு சரின்னுட்டா. இனிமே மாப்ளைக்குத் துணி மட்டும் அவதான் எடுப்பாளாம்" என்றார். இன்றுவரை அவள்தான் எடுக்கிறாள்.

இப்போதெல்லாம் துணிக்கட்டோடு யாரும் துபாயிலிருந்து வருவதில்லை. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். திருவாரூரில் சென்ற மாதம் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஊதா நிறத்தில் வந்து நின்றார்கள். வாட்ஸ்அப்பில் பேசிவைத்து வரவழைத்ததாம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவரையொருவர் பார்த்து யாரும் திடுக்கிடவில்லை. அந்தத் திடுக்கிடல் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.