பூடி ஹாஜ்ரா, வயது அறுபத்தொன்று

என் அண்ணன் பரிமல் ஹாஜ்ரா ஆக்ராவுக்கு ஆறு முறை போயிருக்கிறார். தாஜ்மஹாலைப் பார்த்ததில்லை. அந்த ஊர் எப்படி என்று கேட்டால், பூசணிக்காய் நன்றாக இருக்கும் என்பார்.

அவர் ஒரு சுற்றுலா கம்பெனியின் சமையல்காரர். நாற்பது, ஐம்பது பேரை ஹௌராவில் ரயிலேற்றி மலைக்கும் பாலைவனத்துக்கும் அழைத்துப்போகும் கம்பெனி. எங்கள் வங்காளிகள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவார்கள். போன இடத்தில் காலையில் வெள்ளைவெளேரென்று பொரித்த லூச்சி என்ற மைதா பூரியும் உருளைக்கிழங்கு தம்மும் வந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் அண்ணன் அடுப்பு, அண்டா, கடுகெண்ணெய் டின், அரிசி மூட்டை எல்லாவற்றோடும் கூடவே போவார். அவர்கள் ஊர் பார்க்கக் கிளம்பும்போது இவர் மதியச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்குவார். அவர்கள் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததும், குழம்பு ஊற்றிக்கொண்டே, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். இருபத்திரண்டு வருடமாக இந்தியாவை இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். மலைகளின் உயரத்தைப் பருப்பு வேகும் நேரத்தை வைத்துச் சொல்வார். "பத்ரிநாத்தா? அது ரெண்டு மணி நேர மலை" என்பார்.

துர்கா பூஜை விடுமுறையில்தான் எல்லோரும் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். ஆகவே ஒரு பூஜைக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் எங்கள் ஊர் கொன்னகரிலிருந்து லோக்கல் ரயிலில் அண்ணியும் மகளும் ஹௌராவுக்குப் போய் அவரை வழியனுப்பிவிட்டு வருவார்கள். மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, ரயில் நகர நகர, "என்னையும் மூட்டையில போட்டுக்கோ பாபா" என்று கத்தியிருக்கிறாள். அண்ணி இப்போதும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். மகள் சிரிக்கமாட்டாள்.

அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் தேவாஞ்சனா. எங்களில் எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டே, வெளியே ஒன்று, வீட்டில் ஒன்று. வீட்டில் அவள் பூடி, அதாவது கிழவி. அவள் பிறந்தபோதும் அண்ணன் ஏதோ ஒரு ஊரில் அண்டா முன்னால் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் வந்து பார்த்தவர், "என்ன இது, நான் லேட்டா வந்ததுக்குக் கிழவி மாதிரி முறைக்குது" என்றார். அதுவே பெயராகிவிட்டது. பதின்மூன்று வயதில் அவள் ஒரு சட்டம் போட்டாள்: தோழிகள் முன்னால் யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அண்ணன் முயற்சி செய்தார். "தேவாஞ்சனா, சாப்பிட வா" என்று ஒருமுறை கூப்பிட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

மூன்று வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு இந்த ஆவணியில் நான் வீடு திரும்பியபோது, வீட்டில் ஒரு சின்னப் போர் நடந்துகொண்டிருந்தது. இந்த வருடம் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்று பூடி அறிவித்திருந்தாள்.

"கை ஆட்டினது போதும் அத்தை. நாப்பது பேரும் ஜன்னல் வழியா சிரிச்சுக்கிட்டு போவாங்க, எங்கப்பா அவங்களுக்குச் சமைக்கப் போவாரு, நாங்க டாட்டா காட்டிட்டு திரும்பி வரணும். நான் என் ஃப்ரெண்ட்ஸோட பூஜைப் பந்தல் பார்க்கப் போறேன்."

அதே வாரம் ஒரு மாலை அண்ணன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"மிட்டு, முதலாளிகிட்ட இந்தத் தடவை ரெண்டு சீட்டு கேட்டேன். குடுத்துட்டாரு. ஹரித்வார், அங்கிருந்து ஔலி பனிமலை. உங்க அண்ணிக்கும் பூடிக்கும்."

"அவகிட்ட சொன்னியா?"

"சொன்னா, வரலைன்னு சொல்லிட்டா?" துடைத்த வாணலியையே மறுபடி துடைத்தார். "ரயில் முன்னால நிறுத்திட்டு சொல்லிக்கலாம். அங்க வெச்சு வேணாம்னு சொல்றது கஷ்டம் பாரு."

"ஸ்டேஷனுக்கே வரமாட்டேங்கிறா, எப்படி நிறுத்துவே?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ தேசம் தேசமா எல்லைச் சாவடியெல்லாம் தாண்டினவ. ஒரு பொண்ணை ஹௌரா வரைக்கும் கொண்டு வரமாட்டியா?"

மூன்று நாள் அண்ணியும் நானும் திருடர்கள் மாதிரி பை கட்டினோம். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அஷ்டமிக்கு அவள் கட்டிக்கொள்ள வைத்திருந்த சிவப்புக் கரைப் புடவை எல்லாம் போயின. புடவை எங்கே என்று அவள் கேட்டபோது, இஸ்திரிக்குப் போயிருக்கிறது என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

பூஜை தொடங்கும் சஷ்டிக்கு முந்தின நாள், மதியம் ஒரு மணிக்கு ரயில். காலையிலேயே அண்ணனும் அண்ணியும் மூட்டைகளோடு கிளம்பிவிட்டார்கள். பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. ஒத்திகை பார்த்தபடி நான் முகத்தைச் சுளித்தேன்.

"பூடி, உங்கப்பா கரண்டியை மறந்துட்டாராம்."

அது ஒரு முழம் நீள இரும்புக் கரண்டி. அது இல்லாமல் அவர் அடுப்புப் பற்றவைக்கமாட்டார். பூடி சமையலறைக்குப் போனாள். மேடையின் நடுவில், பார்க்காமல் போகவே முடியாத இடத்தில், அது கிடந்தது.

"நேத்து அவரே பையில வெச்சாரே. நான் பார்த்தேன்."

"எடுத்து வெச்சிருப்பாரு. வயசாகுது இல்ல."

"நீயே கொண்டு போ அத்தை."

"மூணு வருஷமா நான் ஹௌரா பக்கமே போகல. எந்த பிளாட்பாரம்னு தெரியுமா எனக்கு?"

"துருக்கியில வழி கேட்டுப் போன, ஹௌராவுல கேட்கமாட்டியா?"

இருந்தாலும் கிளம்பினாள். கரண்டி இல்லாமல் நாற்பது பேருக்கு யார் சமைப்பது? வீட்டுச் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பெண்கள் பெட்டியில் அந்தக் கரண்டியைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். பூஜைக்குப் புதுத்துணி வாங்கப் போகிற கூட்டம். ஒரு பெண், "யாரை அடிக்கப் போற கண்ணு?" என்றாள்.

"எங்கப்பாவை" என்றாள் பூடி. பெட்டியே சிரித்தது.

ஹௌராவில் கிராமங்களிலிருந்து வந்திறங்கிய மேளக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே எட்டாவது பிளாட்பாரத்தில், தோளில் துண்டோடு அண்ணன் கடைசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நெற்றியைத் துடைத்தார். ஒரு வாரமாக என்னிடம் சொல்லிப் பார்த்த அழகான வாக்கியங்கள் அவரிடம் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

"ஏறு" என்றார்.

"கரண்டியைப் புடிங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

"இல்ல, நீயே ஏறிக் கொண்டு வா."

"எதுக்கு?"

"ஔலி வரைக்கும் கொண்டு வா."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே அண்ணி புதுச் சால்வை போர்த்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா ஏன் உள்ள இருக்கா?"

"அவளும் வர்றா. நீயும். சீட்டு இருக்கு. உன் பை மேலே இருக்கு."

"என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட..."

"அவங்களுக்கு முந்தாநாளே தெரியும்" என்றேன் நான்.

"என் புடவை?"

"வந்துடுச்சு" என்று ஜன்னலிலிருந்து அண்ணி கத்தினாள். "ஹரித்வார்லயும் துர்கா இருக்கா, வா."

பூடி வாயைத் திறந்தாள். சம்மதமா மறுப்பா என்று அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்தார். கறுப்புக் கோட்டு, நரைத்த மீசை, கையில் பட்டியல்.

"முப்பத்திமூணு, லோயர் பெர்த். பூடி ஹாஜ்ரா, பெண், வயசு அறுபத்தொண்ணு. எங்கே அந்தம்மா?"

அண்ணன் பூடியைக் காட்டினார். பரிசோதகர் அவளுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனி குமாஸ்தாவிடம் போனில் பெயர் கொடுத்தது அவர்தான். பெயர் என்ன என்று கேட்டதற்கு யோசிக்காமல் பூடி என்றிருக்கிறார். வயது பதினாறு என்றிருக்கிறார். கிழவி என்று ஒரு பெயர், பதினாறு என்று ஒரு வயது. இந்தச் சமையல்காரர் எண்ணை முன்பின்னாக மாற்றிச் சொல்கிறார் என்று முடிவு செய்து குமாஸ்தா அதை அறுபத்தொன்று என்று சரிசெய்துவிட்டார். அம்மாவை யாத்திரைக்குக் கூட்டிப்போகிறார் போலிருக்கிறது என்று கீழ்ப்படுக்கையும் வாங்கித் தந்துவிட்டார்.

"அடையாள அட்டை?"

அண்ணி ஜன்னல் வழியாக நீட்டினாள். பரிசோதகர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "தேவாஞ்சனா ஹாஜ்ரா. பதினாறு. பேரும் வேற, வயசும் வேற. இதை நான் எப்படிங்க ஏத்துறது?"

"எம்பொண்ணுதாங்க. பூடிங்கிறது வீட்டுப் பேரு" என்றார் அண்ணன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அந்தக் கிழவியைக் காட்டுங்க, ஏத்துறேன்."

அண்ணன் கை துண்டை முறுக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து ஜன்னலில் குரங்குக் குல்லா போட்ட ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஹௌராவில் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தபோதே குல்லாவை மாட்டிக்கொண்ட கோஸ்வாமி மாசிமா, எல்லோருக்கும் பெரியம்மா முறை, ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. அண்ணனோடு எட்டுப் பயணம் போனவர்.

"பரிமல், இதுதான் நம்ம பூடியா?"

"ஆமா மாசிமா."

"ஏங்க, எழுந்திருங்க, பூடி வந்திருக்கா" என்று உள்ளே கணவரை எழுப்பினார். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஒருவர், "நாம ஹரித்வார் போயிருந்தப்ப வீட்டுல அம்மை போட்டுச்சே, அந்தப் பொண்ணா?" என்றார். இன்னொருவர், "மீன் முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான் சாப்பிடுவா, அவளா?" என்றார்.

பூடி கரண்டியைப் பிடித்தபடி அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியாததா? ஏழாம் வகுப்புல கணக்குல முப்பத்தெட்டு. அன்னிக்கு நாங்க ஜெய்சால்மர்ல இருந்தோம். பருப்புல உப்பே இல்ல" என்றார் மாசிமா.

"பாபா, அதையுமா சொன்னீங்க?"

"பூகோளத்துல தொண்ணூத்தொண்ணு வாங்கினதையும் சொன்னேன்" என்றார் அண்ணன் தரையைப் பார்த்து.

"அன்னிக்கு எல்லாருக்கும் ரெண்டு ரசகுல்லா" என்று உள்ளேயிருந்து மாசிமாவின் கணவர் சாட்சி சொன்னார்.

பரிசோதகர் பட்டியலை மூடவில்லை. "இவங்க சொன்னா ஆச்சா? நீயே சொல்லும்மா. உன் பேரு என்ன?"

மூன்று வருடமாகத் தோழிகள் காதில் விழாமல் அவள் ஒளித்துவைத்திருந்த பெயர். பிளாட்பாரத்தில் குறைந்தது இருநூறு பேர் இருந்தார்கள். போதாக்குறைக்கு மேளக்காரர்கள் வேறு வாசிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"பூடி" என்றாள். அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக, "நான்தான் பூடி" என்றாள்.

"வயசு?"

"உங்க லிஸ்ட்ல இருக்கிறதே இருக்கட்டும். எனக்கு அந்த லோயர் பெர்த் வேணும்."

பரிசோதகர் மீசைக்குள் சிரித்தார். வயதைத் திருத்தி, பக்கத்தில் முழுப்பெயரை எழுதிக்கொண்டார். "அடுத்த தை மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். வீட்டுல இன்னும் கோக்கன்னுதான் கூப்பிடறாங்க. சின்னப் பையனாம். ஏறு கிழவி, சிக்னல் விழுந்திடுச்சு."

அவள் கரண்டியோடு ஏறினாள். வாசலில் நின்றுகொண்டு திரும்பி, வருடா வருடம் அண்ணன் எங்களிடம் சொல்லும் அதே தொனியில், "வரேன் அத்தை" என்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பிளாட்பாரத்தில் நான் தனியாகக் கையாட்டினேன். கை ஆட்டுவதும் அவ்வளவு மோசமில்லை. திரும்பும் லோக்கலில் இரண்டு பொட்டலம் மசாலாப் பொரி வாங்கி நானே தின்றேன்.

நவமி காலை ஔலியிலிருந்து அண்ணி போன் செய்தாள். சிரிப்பில் பாதி வார்த்தை புரியவில்லை.

விடியும் முன்பே எல்லோரும் நந்தாதேவி சிகரம் பார்க்க மேட்டுக்குப் போனார்களாம். அண்ணன் வழக்கம்போல லூச்சிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்திருக்கிறார். பாதி வழி போன பூடி திரும்பி ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டாள்.

"எண்ணெய் இப்பதான்டி காயுது."

"அப்புறம் காயட்டும். எந்திரிங்க."

"நாப்பது பேரு பசியோட வருவாங்க பூடி."

"அவங்க எல்லாரும் மேலதான் நிக்கிறாங்க. யார் வருவா இங்க?"

மாவு ஒட்டிய கையோடு இழுத்துக்கொண்டு போனாளாம். ஔலிக்கு அவர் வந்தது அது ஏழாவது முறை. சிகரத்தில் வெயில் விழுந்து முழுசும் பொன் நிறமானபோது, கூட்டமே படம் எடுக்க மறந்து அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"கையில ஒட்டின மாவைத் துடைச்சுக்கிட்டே பார்த்துட்டு நின்னாரு. அப்புறம் மாசிமா கேட்டாங்க, 'எப்படி இருக்கு பரிமல்?'னு. 'நீங்க சொன்னதைவிடப் பெருசா இருக்கு'ன்னாரு."

அன்று லூச்சி ஒன்றரை மணி நேரம் தாமதமாம். பொரித்தது அண்ணன், தேய்த்தது பூடி. ஒன்றுகூட வட்டமாக இல்லையாம். மாசிமா மட்டும் ஒரு லூச்சியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, இது எந்த நாட்டின் வரைபடம் என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.

"இலங்கை" என்றாளாம் பூடி, இன்னொன்றைத் தேய்த்துக்கொண்டே.