கோத்தவர்

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டைத் தவிர வேறெதிலும் யார் பெயரும் அச்சானதில்லை. கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்குப் பதினாறு பெண்கள் ஆடும் நடனத்தை நான் தயார் செய்தேன். நிகழ்ச்சி நிரலில் என் பெயர் வரப்போகிறது என்றதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நடனம் அமைத்தவள் என்பதற்கு, பெயருக்கு முன்னால் 'கோரியோகிராஃபி' என்று எழுதிக் கொடுத்தேன். தமிழ் ஐயா அடித்துவிட்டார். "இது தமிழ் மன்றம்மா. மூணு மணிக்கு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள தமிழ்ல ஒரு சொல் கொண்டா. இல்லன்னா அந்த வரியையே எடுத்துடுவேன்."

'அமைத்தவர்' என்று போடலாமென்றால், அதற்கு மேல் வரியிலேயே 'மேடை அமைத்தவர்' என்று பந்தல்காரர் பெயர் இருந்தது. நான் என்ன கம்பா நட்டேன்? 'ஆட்டுவித்தவர்' என்று சொல்லிப் பார்த்தேன். "கொரங்காட்டின்னே போட்டுக்கோயேன்" என்றாள் முன்வரிசையில் ஆடுகிறவள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மணி இரண்டரை. கடைசி ஒத்திகை. சிவப்புத் தாவணி வரிசையும் பச்சைத் தாவணி வரிசையும் எதிரெதிரே வந்து, கை கோத்து இடம் மாறவேண்டிய கட்டம். ஒருத்தி கையை விட்டுவிட்டாள்.

"ஏய், கோர்வை வுட்டுப்போச்சு பாரு!" என்று கத்தினேன்.

"இன்னாடி, நாங்க என்ன பொடவையா?" என்றாள் கையை விட்டவள். மறுபடியும் சிரிப்பு.

அது தறிப் பேச்சு. புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால், ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் பிணைத்து நெய்வதுதான் கோர்வை. அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்கச் செய்வது அது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பச்சை வரிசையைப் பழக்கிய தோழி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சின்ன வயதிலிருந்து பரதம் கற்றவள். "எங்க டான்ஸ் மிஸ்ஸும் அதேதான்டி சொல்வாங்க. அடவுங்கள, அதான் ஸ்டெப்புங்கள, வரிசையா சேர்த்தா அதுக்குப் பேரு கோர்வை!"

ஓடினேன். 'நடனம் கோர்த்தவர்' என்று எழுதி நீட்டினேன். ஐயா 'ர்' ஒன்றை அடித்து 'கோத்தவர்' என்று திருத்தினார். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நல்லாருக்குதே!" படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

மறுநாள் மாலை அச்சகத்தில் நிகழ்ச்சி நிரல் தாள்கட்டு ஒன்றை வாங்கி, அடுத்த நாள் விழாவுக்குக் கொண்டுவரும் பொறுப்பும் எனக்கே வந்தது. நேரே வீட்டுக்கு எடுத்துப் போனேன். தறியில் அப்பா ஒரு பக்கம், கரை நூல் சுற்றிய நாடாவை ஓட்ட அம்மா மறுபக்கம். இருவருக்கும் படிக்கத் தெரியாது. என் பெயர் இருந்த வரியை உரக்கப் படித்து, அது நம்ம கோர்வைதான் என்றேன். அப்பா நாடாவை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

அம்மா கேட்டாள்: "கோர்வைன்னா அந்தாண்ட ஒருத்தர் வேணுமே. உனக்கு யாரும்மா?"

சுருக்கென்றது. பச்சை வரிசை முழுக்க என் தோழி பழக்கியது. அந்தச் சொல்லும் அவளால்தான் கிடைத்தது.

தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். 'கோத்தவர்' என்பதோடு ஒரு 'கள்'. என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர். கட்டு முழுவதும், ஒவ்வொரு தாளிலும். விரல் வலித்தது, ஆனால் ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.