விடுமுறை வேலை விசாவும் ஊ ரத்தினத்தின் முத்திரையும்

2006ஆம் ஆண்டு நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு இது தொடங்கியது. யாங்கோனில் போட்டாதாங் படகுத்துறைக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் உதடுகளைக் குவித்து முத்தமிடும் ஓசையை இரண்டு முறை எழுப்பினார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எதிரே இருந்த ஊ ரத்தினம் வயிறு குலுங்கச் சிரித்தார். "உக்காருங்க சயாமா. அவரு டீ கேக்குறாரு. உங்களைக் கூப்பிடலை." பர்மாவில் பரிமாறுபவரை அழைக்கும் முறையே அதுதானாம். என் ஊரான திருச்சியில் அந்த ஓசைக்குச் செருப்படி விழும். இங்கே அதற்குப் பால் தேநீர் வருகிறது.

ஊ என்பது மூத்த ஆணுக்கு பர்மியர் தரும் மரியாதை முன்னொட்டு. சயாமா என்றால் ஆசிரியை. நான் யாருக்கும் ஆசிரியை அல்லேன். இந்தியாவுக்கு உளுந்தும் துவரையும் அனுப்பும் நிறுவனமொன்றின் கிளையைக் கவனிக்க என் தந்தை இங்கு வந்தார். அவரைச் சார்ந்தவள் என்ற விசாவில் நானும் வந்து, அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பேச்சு குறைவு, நேரம் மிகுதி. ஊ ரத்தினத்தின் பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை இறக்க வந்த தமிழர். இவரோ கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையும் இரும்பு அலமாரியும் ஆங்கிலப் பெயர்ப்பலகையும் வைத்து, இளைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் தரகராயிருந்தார். அன்று அவர் எனக்கு ஒரு புதிய சொற்றொடரைக் கற்றுக்கொடுத்தார்: வொர்க்கிங் ஹாலிடே விசா. முப்பது வயதுக்குட்பட்டவர் ஆஸ்திரேலியாவில் ஓராண்டு ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு லெட்டர் வேணும். ரெண்டு பக்கத்துக்குக் குறையக் கூடாது. பெரிய பெரிய வார்த்தையா இருக்கணும். கீழ என் பேரு கேப்பிட்டல்ல வரணும்." எழுதித் தருகிறேன் என்றேன். என் ஆங்கிலத்துக்கு இந்நகரில் ஒரு பயன் கிடைத்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படி ஏழு பேருக்கு எழுதினேன். அவர்களுள் என்னுடன் நெருங்கியவள் வசந்தா. ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையில் சட்டைக்குக் காலர் தைப்பவள், வயது இருபத்திரண்டு. தமிழை நன்றாகப் புரிந்துகொள்வாள். பேசும்போது பாதி வழியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவாள். "அக்கா, ஹாலிடேன்னா என்ன? ஞாயித்துக்கிழமை லீவு குடுப்பாங்களா?" என்று கேட்டாள். வாரம் முழுவதும் விடுமுறையாகவே இருக்கலாம், விருப்பமிருந்தால் வேலை செய்யலாம் என்று விளக்கினேன். "விருப்பம் இருந்தாவா? அப்போ சூப்பர்வைசர் யாரைத் திட்டுவாரு?" கன்னத்தில் பூசிய தனகா மரப்பட்டைச் சாந்து விரிசல் விடச் சிரித்தாள். பயணம் உறுதி என்று ஊ ரத்தினம் சொன்னதை நம்பி, டிசம்பரில் தொழிற்சாலை வேலையை விட்டாள். பதில் வரும்வரை மூல ஆவணங்கள் தம்மிடமே இருக்க வேண்டும் என்று அவர் விதி வைத்திருந்தார். ஏழு பேரின் அடையாள அட்டைகளும் பள்ளிச் சான்றிதழ்களும் அந்த இரும்பு அலமாரிக்குள் போயின. ஊரில் இருந்து படிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்நாட்டில் அந்த அட்டை இல்லாதவருக்கு எந்தத் தொழிற்சாலையும் வேலை தராது, வேறூரில் ஓரிரவு தங்கவும் இயலாது.

ஜனவரியில் ஏழு விண்ணப்பங்களும் திரும்பி வந்தன. அப்போது நான் அங்கில்லை; என் கடிதங்களில்தான் பிழை என்று ஊ ரத்தினம் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்து, படகுத்துறையில் பயற்றம்வடை விற்கும் வசந்தாவின் தாய் பாக்கியம் என்னைச் சந்தையின் நடுவில் மறித்தார். "படிச்ச மூஞ்சியப் பாரு! உன் லெட்டர்ல ஒரே தப்பாம்ல? எம்பாசிக்காரன் காறித் துப்பிட்டானாம்ல? எழுதத் தெரியலைன்னா எதுக்குடி பேனா புடிக்கிறே? எம்புள்ள வேலையும் போச்சு, அட்டையும் போச்சு." சுற்றிலும் மீன் விற்பவர்கள் கத்தியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த முறை பதில் வந்தால் நானே அதை எல்லோர் முன்னிலையிலும் படித்துக்காட்ட வேண்டும், என் தவறு என் வாயாலேயே வெளிவர வேண்டும் என்று ஊ ரத்தினத்திடம் சொல்லிவிட்டதாகவும் அவர் கூவினார். வீட்டுக்கு வந்து என் பிரதிகளை எடுத்து ஏழு கடிதங்களையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

அவ்வாரமே பன்சோடன் தெருவின் பழைய புத்தகக் கடையில், முதுகுப்பையுடன் இருந்த ஓர் ஐரிஷ் பெண்ணைச் சந்தித்தேன். பெயர் நோரா. யாங்கோனில் நான்கு நாள் தங்கிவிட்டு ஆஸ்திரேலியா போகிறாள், அதே விசாவில். வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். யாரிடமிருந்து தப்பி ஓடுகிறாய் என்று நான் கேட்பதாக எடுத்துக்கொண்டு, "என் ஆய்வேட்டிடமிருந்து" என்று சிரித்தாள். பழத்தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கப் போகிறாளாம். அப்படி உடல் நோக வேலை செய்வதுதான் ஓய்வு என்றாள். அவளுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். "எந்தக் கடிதம்?" கணினியில் படிவத்தைப் பத்து நிமிடத்தில் நிரப்பினாளாம், கடிதம் எதுவும் கேட்கவில்லையாம். தன் பையிலிருந்து ஓர் அச்சுத்தாளை எடுத்துத் தந்தாள். இந்த விசா எந்தெந்த நாட்டவருக்கு உண்டு என்ற பட்டியல் அதில் இருந்தது. இருமுறை படித்தேன். பர்மா இல்லை. இந்தியாவும் இல்லை. "அடடா, நீங்களும் வர முடியாதா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டாள். அவளுக்கு வருத்தம் எளிதாக இருந்தது. அதற்காக நான் அவளை வெறுக்கவில்லை என்று எழுத விரும்புகிறேன். ஆனால் துல்லியமாக எழுதுவதாயின், ஐந்து நிமிடம் வெறுத்தேன்.

பட்டியலோடு ஊ ரத்தினத்தின் மாடியறைக்குப் போனேன். அதை வாங்கிப் பார்வையை ஓட்டி, மேசையில் வைத்தார். அவர் கண்கள் தாளின் குறுக்கே நகரவில்லை, அதன் நடுவில் நின்றன. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். ஆனால் விஷயம் அவருக்குத் தெரியும். "இன்னிக்கு இல்லைன்னா நாளைக்குத் தொறப்பான். நான் நம்பிக்கை குடுக்குறேன் சயாமா." அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பல் குத்திக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "உங்க விசாவுல வேலை செய்யலாம்னு போட்டிருக்கா? அப்பா பேர்ல வந்த புள்ள, எங்கிட்ட லெட்டர் எழுதி புஸ்தகம் புஸ்தகமா வாங்கிக்கிட்டீங்க. வார்டு ஆபீசுல ஒரு வார்த்தை போதும். அப்பாவும் மகளும் பருப்பு மூட்டையோட ஊருக்குப் போக வேண்டியதுதான்." எனக்கான கூலியாக அவர் தம் அலமாரியிலிருந்த பழைய ஆங்கில நாவல்களைத் தந்திருந்தார். விடுமுறைபோல் வந்திருந்த இடத்தில் அனுமதியின்றி வேலை பார்த்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். பட்டியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போதே என்ன செய்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

திருச்சி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வெளிச்சுவரை ஒட்டி மனு எழுதுபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு சான்றிதழுக்காக அங்கே காத்திருந்தேன். முன்னால் நின்ற பெண்ணுக்கு மனு எழுதி முடித்தவர் அதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "நீ சொன்னதுதானாம்மா இது?" என்று கேட்டார். அவள் தலையசைத்த பிறகே கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார். படிக்காதவர்களின் வரிசை மெதுவாக நகர்வதைக் கண்டு அன்று எனக்கு எரிச்சலாயிருந்தது. யாங்கோனில் நான் எழுதிய ஏழு கடிதங்களில் ஒன்றைக்கூட உரியவருக்குப் படித்துக் காட்டியதில்லை. நடை அழகாக இருந்தது, அது போதுமென்று நினைத்தேன். ஊ ரத்தினத்தைப் பற்றி நான் என்ன எழுதினாலும், இதையும் பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

பிப்ரவரியில் ஊ ரத்தினம் இரண்டாம் முயற்சி என்று அறிவித்து, முதலில் வசந்தாவின் விண்ணப்பத்தை அனுப்பச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதினேன். முதற் பத்தியில் வழக்கமான வணக்கங்கள். இரண்டாம் பத்தியில் இப்படி எழுதினேன்: கீழே முத்திரையிட்டிருப்பவர் என்னுடைய மூல அடையாள அட்டையையும் வேறு ஆறு பேருடைய அட்டைகளையும் இவ்விசாவின் பொருட்டுத் தம் அலமாரியில் வைத்திருக்கிறார். பர்மியக் குடிமகளான நான் இவ்விசாவுக்குத் தகுதியுடையவளா என்பதையும், ஆவணங்களைத் தடுத்து வைக்க உங்கள் அலுவலகம் இவருக்கு அதிகாரம் அளித்துள்ளதா என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். எஞ்சிய ஒன்றரைப் பக்கத்தையும் அவருக்குப் பிடித்த நீண்ட சொற்களால் நிரப்பினேன். பிறகு வசந்தாவின் வீட்டுக்குப் போய், வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். பாக்கியம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தா ஒன்றை மட்டும் கேட்டாள். "இதுல அவரு முத்திரை போடுவாராக்கா?" போடுவார் என்றேன். "அப்போ நானும் கையெழுத்து போடுறேன்."

மறுநாள் ஊ ரத்தினம் தாள்களைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். பத்திகளை எண்ணினார். தம் பெயரின் பெரிய எழுத்துகளை விரலால் தடவினார். "இப்பதான் லெட்டர் லெட்டரா இருக்கு. மொதல்லயே இப்படி எழுதிருக்கலாம்ல?" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். மை காயும்வரை அதன்மேல் ஊதினார். முத்திரையிட்ட ஒரு பிரதி என்னிடம் தங்கியது.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, பதில் வந்திருப்பதாகத் தேநீர்க் கடைக்கு அழைத்தார். ஏழு பேரும் பாக்கியமும் இருந்தார்கள். வெயில் தகரக் கூரையை உரித்துக்கொண்டிருந்தது. ஊ ரத்தினம் பிரிக்காத உறையை என்னிடம் நீட்டி, பாக்கியத்தைப் பார்த்தார். "நீங்க கேட்ட மாதிரியே சயாமாவே படிக்கட்டும். தப்பு யாருதுன்னு தெரியட்டும்." வார்டு அலுவலகத்தின் நினைவு என் வாயைக் கட்டிவிட்டது என்று அவர் முழுமையாக நம்பினார். உறையைப் பிரித்தேன். முதலில் ஆங்கிலத்தில் ஒருமுறை, பிறகு தமிழில் ஒருமுறை, ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் படித்தேன். உங்கள் நாட்டவர் இவ்விசாவுக்குத் தகுதியுடையவர் அல்லர். இதற்குக் கடிதமோ மூல ஆவணமோ நாங்கள் கேட்பதில்லை. நீங்கள் குறிப்பிட்ட நபருக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. உங்கள் அடையாள அட்டையை உடனே திரும்பப் பெறுங்கள்.

"அப்படி எழுதியிருக்காது" என்றார் ஊ ரத்தினம். அவர் முத்திரை குத்திய பிரதியை மேசைமேல் விரித்து, இரண்டாம் பத்தியையும் படித்தேன். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. "இவ விசா என்ன விசா தெரியுமா? நான் வார்டு ஆபீசுக்குப் போனா..." என்று எழுந்தார். நானும் எழுந்தேன். "வாங்க, சேர்ந்தே போவோம். உங்க முத்திரை போட்ட லெட்டரை நானே கொண்டுவரேன்." அவர் உட்கார்ந்துவிட்டார். பாக்கியம் மேசையைத் தட்டினார். "மொதல்ல அலமாரியத் தொற. எம்புள்ள அட்டைய எடு. உன் இங்கிலீசெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

பதினைந்து நிமிடத்தில் ஏழு அட்டைகளும் உரியவர் கைகளில் இருந்தன. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஜனவரியில் திரும்பி வந்த கடிதத்தின் பிரதியை எடுத்து அவர் முன் வைத்தேன். "என் லெட்டர்ல தப்புன்னு சொன்னீங்க. எந்த வரியில? காட்டுங்க." அவர் தாளைக் கையில் எடுத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் விரல் ஒரு வரியில் போய் நின்றது, விலகி வேறொரு வரிக்குப் போனது. நெற்றி வியர்வை தாளில் சொட்டியது. கூட்டத்தில் ஒருவன், "சத்தமா வாசிங்க, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றான். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஊ ரத்தினம் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதைக் கேட்டிருக்க வேணாம் தாயி" என்றார். அவர் அதுவரை என்னை அப்படி அழைத்ததில்லை. நான் அவர் விரல் மூன்றாவது வரிக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னித்ததாக எழுதினால் இக்கட்டுரை அழகாக முடியும். நான் மன்னிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைக்கும்போது இன்றும் என் முதுகு நிமிர்கிறது.

வீட்டுக்கு நடக்கையில் வசந்தா அட்டையை இரவிக்கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். "அவரு இனிமே அந்தக் கடையில உக்கார மாட்டாரு" என்றாள். சற்றுத் தூரம் போனபின், "சரி, இப்போ நான் எங்கே போறது?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை நான் அவளோடு லைன்கார் என்னும் நகரப் பேருந்தில் ஷ்வேப்யிதாவுக்குப் போனேன். பழைய வேலையை அவள் கேட்கும்போது துணைக்கு இருக்கலாம் என்று எண்ணியிருந்தேன். தொழிற்சாலை வாயிலில் தரைமீது ஒரு மஞ்சள் கோடு இருந்தது. காவலர் வசந்தாவின் அட்டையை வாங்கிப் பார்த்து, அவளைக் கோட்டைத் தாண்ட விட்டார். என்னைச் சுட்டி எதையோ கேட்டார். வசந்தா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, அவரிடம் பர்மிய மொழியில் சொன்னாள்: "எங்க ஆளுதான். ஆனா இந்த ஊர் இல்லை." மேற்பார்வையாளரின் அறைக்குள் போனவள் சிறிது நேரத்தில் வெளியே எட்டிப் பார்த்து, நூல் வெட்டும் வேலை, புதியவர்களோடு, என்று குரல்கொடுத்துவிட்டு மறைந்தாள். காவலர் மரியாதையாக எனக்குக் கோட்டுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு, பச்சைத் தேநீர் ஊற்றித் தந்தார். வெயில் ஏறியது. மதில் நிழல் கோட்டுக்கு உள்பக்கமாக விழுந்திருந்ததால், முக்காலியை இரண்டடி நகர்த்தி நிழலில் உட்கார்ந்தேன். காவலர் புன்னகையோடு வந்து, நான் எழுந்துகொள்ளும்வரை காத்திருந்து, அதை மீண்டும் கோட்டுக்கு வெளியே வெயிலில் எடுத்துவைத்தார்.