மூன்று பேரும் சிக்காத சேறு

லியோனா ஹ்ருஷ்கா எங்கள் கவுண்டியை, அதாவது எங்கள் சின்ன மாவட்டத்தை, நடத்துகிற வாரியத்தின் கூட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோர்ட்டுக் கட்டடத்து மாடியறையில் ஆஜராகிவிடுவாள். பொதுமக்களுக்கென்று பன்னிரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். ஜன்னலோரத்தில் இருப்பது அவளுடையது. மற்ற பதினொன்றிலும் காற்றுதான் உட்காரும். ஒருமுறை புறப்படுகிற நேரத்தில் பசு கன்று போட்டுவிட, கன்றை வண்டியின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள் என்றும், மேலே களைக்கொல்லி மருந்து பற்றி விவாதம் நடந்தபோது அது கீழேயிருந்து மூன்று முறை ஆட்சேபம் தெரிவித்தது என்றும் சொல்வார்கள். கூட்டக் குறிப்பேட்டில் அது ஏறவில்லை. ஆகவே நான் சத்தியம் செய்யமாட்டேன்.

அங்கே அப்படி என்ன நடக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஓடைக்குப் போடும் சிமெண்டுக் குழாய் இரண்டடியா மூன்றடியா. தேவாலயத்து நடன விருந்தில் பீர் ஊற்ற அனுமதி உண்டா. கோர்ட்டுக் கூரையில் குடியேறிய புறாக்களை என்ன செய்வது. புறா விவகாரம் மட்டும் நாலு வருடம் ஓடியது. லியோனாவுக்கு இதெல்லாம் தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவள், அறுபத்தொரு வயது, நாற்பது கறவைப் பசுக்களுக்குத் தனி ஆள். காலையில் நாலு மணியிலிருந்து மாடுகளின் முகத்தையே பார்த்திருப்பவளுக்கு, ஒன்பது மணிக்கு மூன்று மனித முகங்கள் ஒரு குழாயைப் பற்றி வாதாடுவது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

அந்த மார்ச்சு மாதம் அவளுடைய சாலையே விவாதத்துக்கு வந்துவிட்டது.

சாலைப் பொறுப்பாளர் ரோலி அறிக்கை வைத்தார். பதினான்காம் மைல் சாலை பாழாகிவிட்டது, சீர்செய்ய இருநூறு லோடு சரளை வேண்டும், அந்த வழியில் இருப்பது ஒரே ஒரு வீடு, ஆகவே அதைக் 'குறைந்த பராமரிப்புச் சாலை' என்று அறிவித்துவிடலாம் என்றார். அறிவித்தால் மஞ்சள் பலகை ஒன்று நட்டுவிட்டு எல்லோரும் கையைக் கழுவிக்கொள்வார்கள். பனி தள்ளமாட்டார்கள், சரளை போடமாட்டார்கள். மஞ்சள் பலகையைக் கண்டால் பால் லாரி உள்ளே வராது. லாரி இரண்டு நாள் வராவிட்டால் தொட்டி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு பசுக்களை விற்பதைத் தவிர லியோனாவுக்கு வழியில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பொது விசாரணை என்று தேதி வைத்தார்கள். அதற்குள் வாரிய உறுப்பினர் மூவரும் சாலையை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. மூவரும் தனித்தனியாகத்தான் போக வேண்டும், ஏனென்றால் மூன்று பேர் வாரியத்தில் இரண்டு பேர் சேர்ந்து வாயைத் திறந்தாலே அது கூட்டம். முன்னறிவிப்பு ஒட்டாமல் கூட்டம் நடத்துவது குற்றம். எழுத்தர் ஆல்மா இதில் மகா கண்டிப்பு. ஒரு தேவாலய விருந்தில் உறுப்பினர் ஒருவருக்குத் தொண்டையில் இறைச்சி அடைத்துக்கொள்ள, இன்னொரு உறுப்பினர் ஓடிவந்து முதுகில் அறைந்து உயிரைக் காப்பாற்றினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றியை அடுத்த செவ்வாய்க்கிழமை, முறைப்படி முன்னறிவித்துத்தான் சொன்னார்கள்.

பனி உருகுகிற வாரம் அது. பதினான்காம் மைல் சாலையில் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே ஒரு வசந்தத்தில் தொலைந்த தபால்காரரின் தொப்பி, மூன்று வருடம் கழித்துப் பக்கத்துக் கவுண்டியில் ஒரு கிணற்றில் மேலே வந்தது.

திங்கட்கிழமை தலைவர் மைலோ யெலினெக் வந்தார். எழுபது வயது. தன் வண்டி ஆயுளில் ஒருமுறைகூடச் சிக்கியதில்லை என்று பெருமை பேசுகிறவர். லியோனா டிராக்டரில் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடியை இறக்கினார்.

"நான் ஒண்ணும் மாட்டிக்கல, லியோனா. சும்மா நிறுத்தி மண்ணைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"கதவு மூழ்குற அளவுக்கு இறங்கியா பாக்கணும், மைலோ?"

அவர் தலையை வெளியே நீட்டிக் கதவைப் பார்த்தார். "சங்கிலி இருக்கா?"

"இருக்கு."

"இழு. ஆனா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். எங்கள் பக்கத்து ஆண்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தேர்தலில் தோற்றதைச் சொல்வார்கள், பெண்டாட்டி விட்டுப் போனதையும் சொல்வார்கள். அடுத்தவர் டிராக்டர் தன் வண்டியை இழுத்ததை மட்டும் செத்தாலும் சொல்லமாட்டார்கள்.

புதன்கிழமை வெண்டல் வந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற புது வண்டிகள் விற்கிற கடைக்காரர். கடையிலேயே பெரிய வண்டியில் வந்து, அதே பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தச் சேத்துலயும் நிக்காத வண்டின்னு தினம் ரேடியோவுல கத்துறியே, வெண்டல்!"

"இது சேறு இல்ல, லியோனா, இது கடல்! தயவுபண்ணி வெளிய சொல்லிடாத. அப்புறம் நான் கடைய மூடிட்டு உன்கிட்டதான் பால் கறக்க வரணும்."

வெள்ளிக்கிழமை டுவேன். உறுப்பினர்களில் இளையவன், இலையுதிர் காலத்தில் அவனுக்குத் தேர்தல். வண்டியைத் தானே தள்ளப் பார்த்து, சேற்றுக்கு ஒரு பூட்ஸைக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலுறையோடு நின்றான்.

"அக்கா, இது மட்டும் வெளிய தெரிஞ்சா எனக்கு ஒரு ஓட்டு விழாதுக்கா."

"தெரியாதுப்பா. நீ ஏறி உக்காரு. பூட்ஸ் போனது போதும், குளிருக்குக் காலும் போயிடப் போவுது."

மூன்று சத்தியத்தையும் சுமந்துகொண்டு லியோனா அன்று தொழுவத்தில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மூன்று பேரும் பள்ளத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று. பார்த்தது மட்டுமா, அதற்குள் உட்கார்ந்தும் எழுந்தாயிற்று. இனி எந்த முகத்தோடு சாலையை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது?

விசாரணை நாளில் ஆல்மா தீர்மானத்தைப் படித்தாள். "மேற்படி சாலை வாகனங்கள் செல்லத் தகுதியற்ற நிலையில் இருப்பதால்..."

மைலோ தொண்டையைச் செருமினார். மற்ற இருவரும் பள்ளத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்றுதான் அவருக்கு நினைப்பு. கேட்டுப் பார்க்கத்தான் சட்டம் இடம் கொடுக்கவில்லையே. "நான் திங்கக்கிழமை போய்ப் பாத்தேன். எனக்கு ஒரு சிரமமும் தெரியல."

வெண்டல் நிமிர்ந்தார். எழுபது வயதுக் கிழவர் பழைய வண்டியில் போய்விட்டு வந்திருக்கிறார்! "எனக்கும்தான். ரெண்டு சக்கர இழுப்புலயே போயிட்டு வந்தேன். நாலாவது தேவைப்படல... மூணாவதும் தேவைப்படல."

டுவேனின் காது சிவந்தது. "நான் பாட்டுக் கேட்டுக்கிட்டே ஒரு கையால ஓட்டிட்டு வந்தேன்."

ரோலி பாதி எழுந்துவிட்டார். "ஓடைப் பக்கத்துப் பள்ளத்துலயா?"

"எந்தப் பள்ளம்?" என்று மூன்று குரல் ஒரே நேரத்தில் கேட்டது.

"அறிக்கைல இருநூறு லோடுன்னு நான் கணக்குப் போட்டு..."

"ரோடு நல்லா இருக்கு, ரோலி," என்றார் மைலோ. "உக்காரு."

லியோனாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு ஜன்னல் வழியே புறாக்களைப் பார்த்தாள். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். ஆல்மா அவளைக் கூப்பிட்டாள்.

"மூணு பேரும் நேர்ல போய்ப் பாத்தவங்க," என்றாள் லியோனா, குரல் நடுங்காமல். "அவங்க சொன்னதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு? மிச்ச நேரத்த வாரியத்துக்கே திருப்பிக் கொடுத்துடறேன்."

"தீர்மானத்தை யார் முன்மொழியறீங்க?" என்று கேட்டாள் ஆல்மா.

தகுதியற்ற சாலை என்று முன்மொழிந்தால், இத்தனை நேரம் அளந்தது என்னாவது? வெண்டல் கூரையைப் பார்த்தார். டுவேன் தன் புதுப் பூட்ஸைப் பார்த்தான். மைலோ கடிகாரத்தைப் பார்த்தார். அது கோர்ட்டுக் கடிகாரம், பதினோரு வருடமாக ஓடவில்லை. முன்மொழிய ஆளில்லாமல் தீர்மானம் விழுந்தது. 'உறுப்பினர் மூவரும் நேரில் கண்டு, சாலை நன்னிலையில் உள்ளதாகத் தெரிவித்தனர்' என்று ஆல்மா குறிப்பேட்டில் எழுதினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சரளை லாரிகள் வரிசையாக வந்தன. முதல் லாரியிலிருந்து ரோலி கடுகடுவென்று இறங்கினார்.

"என்ன ரோலி, ரோடுதான் நல்லா இருக்கே?"

"அதத்தான் குறிப்பேட்டுல ஏத்திட்டாங்களே, எவனாவது வந்து பாத்துத் தொலைக்கறதுக்குள்ள நல்லதாக்கணும்! நேத்து சாயங்காலம் மூணு பேரும் தனித்தனியா போன் பண்ணாங்க. மூணு பேர் வாயிலயும் ஒரே பேச்சு: 'அந்தப் பள்ளத்த மூடு, ஏன்னு கேக்காத.'" சங்கிலி கிடந்த டிராக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். "நான் ஏன்னு உன்கிட்ட கேக்கலாமா?"

"கேக்கலாம்," என்றாள் லியோனா. "பதில்தான் கிடைக்காது. உள்ள வா, காபி போடறேன்."

வியாழக்கிழமை பால் லாரி வந்தது. பனி உருகத் தொடங்கியதிலிருந்து லியோனாவின் டிராக்டர்தான் அதையும் பள்ளம் தாண்ட இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஓடையருகே நிறுத்தி இறங்கி, மட்டமாகச் சரளை பரவிக் கிடந்த சாலையை முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு வேலியோரம் நின்ற லியோனாவைப் பார்த்து, வழி தவறி வந்துவிட்டேனா என்று கேட்டான்.

"சரியான வழிதான்," என்றாள் அவள். "போய்ப் பாலை ஏத்து."