புளியமரத்தடி மங்குஸ்தான்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னாலிருந்த தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுவது அங்காளம்மாளின் வேலை. ஜாவாத் தீவின் பத்தாவியாவிலிருந்து கப்பலில் மூன்று மங்குஸ்தான் கன்றுகள் வந்தன. துரை சொன்னபடி வெயிலில் நட்ட இரண்டும் ஒரே கோடையில் கருகிப் போயின. மூன்றாவதை அவள் யாரையும் கேட்காமல் புளியமரத்தடியில் நட்டாள். அது பிழைத்தது.

பிழைத்ததுதான் பெரும்பாடாகிவிட்டது. தோட்டத்துக் கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்கு மணல்மேட்டு ஊற்றுக்குப் போக வேண்டும். காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை. கன்றோ வருஷத்துக்கு நாலு இலை விட்டது. ஐந்து வருஷமாகியும் அது அவள் இடுப்புக்கு வரவில்லை. அவள் இடுப்புதான் விட்டுப்போனது.

ஏழாம் வருஷம், புதிதாக வந்த துரை புளியமரத்தை விறகுக்கு வெட்டச் சொன்னார். அங்காளம்மாள் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி தருமலிங்கத்திடம் போய் நின்றாள்.

"நெழல் போச்சுன்னா இது நிக்காது ஐயா. சொல்லிப் பாருங்க."

"சொன்னேம்மா. ஒரு செடிக்காக மரத்த உட்டுடணுமான்னு கேக்குறாரு."

மரம் விழுந்தது. நல்லவேளை, கன்றின் மேல் விழவில்லை. அன்றைக்கே அவள் நாலு கழி நட்டு, மேலே தென்னங்கீற்றுப் பரப்பிப் பந்தல் போட்டாள். கடல் காற்று அதைப் பிய்த்துப் போடும். மறுபடி கட்டுவாள்.

"இன்னாத்துக்குமே இந்தப் பாடு?" என்று கேட்டான் அவள் புருஷன் சகாதேவன்.

"தெரியல. உட்டா செத்துப்பூடும், அதான்."

பிறகு ஒல்லாந்தர் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். தோட்டத்தைக் கேட்க ஆளில்லை, கூலியும் நின்றது. அவள் ஒரு நடையைக் குறைத்துக்கொண்டாள். அதற்கு மேல் குறைக்க மனசு வரவில்லை.

பதினாலாம் வருஷம் மூன்று காய் பிடித்தது. ஒன்று பிஞ்சிலேயே உதிர்ந்தது, ஒன்றை அணில் கடித்தது. கருஞ்சிவப்பாய்ப் பழுத்த மிச்சம் ஒன்றை அவள் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சகாதேவன் உடைத்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று ஐந்து சுளை.

"நல்லாத்தான் கீது. நீ துண்ணலியா?"

அவள் ஒரு சுளையை வாயில் போட்டாள். இனிப்பு, லேசான புளிப்பு. நாக்கில் பட்டதும் கரைந்துவிட்டது.

"அடுத்த வருசமும் காய்க்கும்மே," என்றான் அவன்.

"காய்க்கும். நாளைலேர்ந்து காலைல தண்ணி நீ ஊத்து."

சகாதேவன் தலையாட்டினான். மறுநாள் அவன் ஊற்றுக்குக் கிளம்பும் சத்தம் கேட்டும், அங்காளம்மாள் எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தாள்.